குறைகிற பானை



இந்த நூலக விழாவில் எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘தலைமைப் பண்பு: ஒரு மாணவியின் பார்வையில்’. அழைப்பிதழைப் பார்த்துவிட்டு என் அப்பா, “யார் பேச்சையும் கேட்காதவளுக்குப் பொருத்தமான தலைப்புதான்” என்றார். அவர் இங்கே மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார். இப்போதாவது அவர் என் பேச்சைக் கேட்டாக வேண்டும்.

கல்லூரிகளில் ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி என்று நடத்துவார்கள். பலூன் ஊதச் சொல்வார்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நடக்கச் சொல்வார்கள், சாயங்காலம் சான்றிதழ் தருவார்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தலைமை என்றால் என்ன என்று எனக்குக் கொஞ்சமாவது புரிந்தது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, இந்த நூலகத்தில் எடுத்துப் படித்த மணிமேகலை. இன்னொன்று, மழைக்காலத்தில் ஒரு கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டு. இரண்டிலும் விஷயம் சோறுதான்.

மணிமேகலை என்றதும் அமுதசுரபி நினைவுக்கு வரும். பள்ளிப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம், பசித்தவர்க்கெல்லாம் சோறு, அவ்வளவுதான் பாடம். அந்தப் பாத்திரம் மணிமேகலைக்கு முன்னால் யார் கையில் இருந்தது என்று தேர்வில் கேட்டால் ஒரு மதிப்பெண். அந்த ஒரு மதிப்பெண் ஆள்தான் ஆபுத்திரன். மணிமேகலையை எழுதிய சாத்தனார் அவனுக்காகத் தனிக் காதையே வைத்திருக்கிறார்.

பிறந்ததும் கைவிடப்பட்ட குழந்தை. ஏழு நாள் ஒரு பசு பால் கொடுத்துக் காத்தது. வளர்ந்தபின், வேள்விக்காகக் கட்டிவைத்திருந்த ஒரு பசுவை இரவோடிரவாக அவிழ்த்துக்கொண்டு போனான். ஊர் அவனை அடித்து விரட்டியது. மதுரைக்கு வந்து, சிந்தாதேவி கோயில் முன்னால் இருந்த அம்பலத்தில் தங்கினான். வீடு வீடாகப் பிச்சை எடுத்தான். எடுத்ததைக் கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் முடமானவர், ஆதரவில்லாதவர், நோயாளி எல்லோரையும் கூப்பிட்டு முதலில் உண்ண வைத்தான். மிச்சம் இருந்தால் அவன் சாப்பாடு. பிறகு அந்தப் பிச்சை ஓட்டையே தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கினான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அமுதசுரபி கைக்கு வருவதற்கு முன்னாலேயே அவன் இதையெல்லாம் செய்துகொண்டிருந்தான். கையில் இருந்தது வெறும் பிச்சை ஓடு. ஒரு மழை இரவில், நடந்து களைத்த வழிப்போக்கர்கள் வந்து பசி என்று எழுப்பியபோது, ஓட்டில் ஒன்றும் இல்லை. கொடுக்க முடியவில்லையே என்று அவன் தவித்த பிறகுதான் தெய்வம் அந்தப் பாத்திரத்தைக் கொடுத்தது. எங்கள் தலைமுறையில் நாங்கள் அடிக்கடி சொல்வது, “எனக்கு ஒரு பதவி கொடுங்கள், செய்து காட்டுகிறேன்” என்பது. ஆபுத்திரன் அப்படிக் கேட்கவே இல்லை.

அடுத்து நடப்பதுதான் என்னை ரொம்ப நாள் தூங்கவிடாத பகுதி. இந்திரன் வந்து வரம் கேள் என்கிறான். இவன் சிரித்துவிடுகிறான். அந்தக் கோபத்தில் இந்திரன் என்ன செய்தான் தெரியுமா? நாட்டில் நல்ல மழை பெய்ய வைத்தான். விளைச்சல் பெருகியது. பசிப்பவர் இல்லை. அம்பலத்தில் சூதாடிகளும் வெட்டிப் பேச்சுக்காரர்களும் குடியேறினார்கள். ஆபுத்திரன் ஊர் ஊராகப் போய், சாப்பிட ஆள் உண்டா என்று கேட்கிறான். யார் இந்தப் பைத்தியம் என்று சிரிக்கிறார்கள். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு. பல உயிர் காக்கும் பாத்திரத்தை வைத்துக்கொண்டு நான் ஒருவன் மட்டும் வயிறு வளர்ப்பதா என்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் இருந்து உயிரை விடுகிறான்.

பெரியவர்கள் இதைத் தியாகம் என்பார்கள். எனக்கு மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. ஆபுத்திரன் மகா பெரியவன்தான், ஆனால் தனி ஆள். மதுரையில் அத்தனை காலம் சோறு போட்டவன், உடன் ஒருவனைச் சேர்த்துக்கொண்டதாகக் கதையில் இல்லை. கப்பல் கிளம்பியபோது ‘இன்னும் ஒருத்தர் ஏறவில்லை’ என்று குரல் கொடுக்கவும் ஆள் இல்லை. பாத்திரம் தண்ணீருக்குள் போய், மணிமேகலை வரும்வரை காத்துக்கிடந்தது.

மணிமேகலை அப்படித் தனியாகச் செய்யவில்லை. பாத்திரம் கைக்கு வந்ததும் புகாருக்குத் திரும்பி, முதல் பிச்சையை யாரிடம் வாங்குவது என்று கேட்கிறாள். பத்தினி ஆதிரையிடம் போ என்று காயசண்டிகை சொல்கிறாள். இத்தனைக்கும் காயசண்டிகை பன்னிரண்டு ஆண்டாக யானைத்தீ என்னும் அடங்காப் பசியில் வாடுகிறவள். சாபம் பெற்ற ஒரு நோயாளி சொன்ன யோசனையை மணிமேகலை கேட்டு நடக்கிறாள். அதே காயசண்டிகைதான், பசித்தவர்களும் நோயாளிகளும் கூடிக் கிடக்கும் உலக அறவி என்ற அம்பலத்தையும் காட்டுகிறாள். பிறகு மணிமேகலை சிறைக்குள் போய்க் கைதிகளுக்குச் சோறு போடுகிறாள். அரசன் அழைத்து, உனக்கு என்ன வேண்டும் என்கிறான். அவள் கேட்டது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டும் என்பது. அரசனும் செய்தான். ஒரு தட்டுச் சோற்றில் தொடங்கியவள் அரசாங்கத்தின் கட்டடத்தையே மாற்றிவிட்டாள்.

இந்தக் கதை நமக்குக் கிடைத்ததிலும் ஒரு கேட்டறிதல் இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1898-இல் மணிமேகலையை அச்சில் கொண்டுவந்தார். அதில் வரும் பௌத்தக் கருத்துகள் பிடிபடாமல், கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய ரங்காசாரியாரிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். தமிழில் அவ்வளவு பெரியவருக்கே தெரியாததைக் கேட்கக் கூச்சம் இருந்ததில்லை.

சரி, கதையில் பாத்திரம் குறையாது. நம் ஊரில் பானை குறையும். அதனால்தான் நமக்குத் தலைமை வேண்டியிருக்கிறது என்பது என் எண்ணம். குறையாத பாத்திரத்துக்கு முன்னால் வரிசை தேவையில்லை, கணக்கு தேவையில்லை. பானை குறையும்போதுதான் யாருக்கு முதலில், யார் இன்னும் வரவில்லை, அடுத்த மூட்டை அரிசி எங்கிருந்து வரும் என்று ஒருவர் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு வடலூரை விட நல்ல சாட்சி வேண்டாம். இங்கிருந்து பேருந்து ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். வள்ளலார் 1867 மே 23-இல் அங்கே பசித்தவர்க்குச் சோறு போடும் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். நிலம் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்து மக்கள், ஏறத்தாழ 80 காணி. 1874-இல் வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் சித்தி பெற்றார். இரண்டே ஆண்டில், 1876-இல், சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் பிடித்தது. தொடங்கியவர் இல்லை, பஞ்சமோ வாசலில். ஆனாலும் அவர் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. அதில் அற்புதம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஒருவர் அரிசி கொண்டுவருகிறார், ஒருவர் காய்கறி கொண்டுவருகிறார், ஒருவர் விறகை அடுக்குகிறார், ஒருவர் இரவில் எழுந்து நெருப்பைப் பார்க்கிறார். தினமும் குறைகிறது, தினமும் நிரப்புகிறார்கள். வள்ளலார் விட்டுப்போன பெரிய சொத்து, தான் இல்லாமலும் நடக்கிற அந்த ஏற்பாடு.

இனி சமையற்கட்டுக்கு வருகிறேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் அடித்தது உங்களுக்கு மறந்திருக்காது. சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரை புரண்டது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவிகள் சிலர் ஒரு மண்டபத்தில் சமையலுக்கு உதவப் போனோம். எங்களுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு சமையல் மாஸ்டர். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் ஈரத் துண்டு. அவர் பேசியதே குறைவு. நாங்கள் வெங்காயம் உரித்தோம், சாம்பார் சாதம் பொட்டலம் கட்டினோம். வாழையிலைத் துண்டு, அடியில் செய்தித்தாள், நான்கு மடிப்பு, நூல். மடிப்பு தளர்ந்தால் சாதம் ஒழுகும். அதை மட்டும் அவர் பொறுக்கமாட்டார், பிரித்து மறுபடி கட்டச் சொல்வார். “வாங்குறவங்க ஒரு கையால வாங்குவாங்கம்மா. இன்னொரு கையில புள்ளை இருக்கும்” என்றார்.

பொட்டலங்கள் வண்டியில் போனதும் என்ன ஆனது என்று சொல்கிறேன். வண்டி தெருமுனையில் நின்றது. கூட்டம் சூழ்ந்தது. உயரமானவர்களுக்கும் குரல் உள்ளவர்களுக்கும் கிடைத்தது, ஐந்து நிமிடத்தில் கூடை காலி. நாங்கள் வெற்றி என்று நினைத்துத் திரும்பினோம். மாஸ்டர் கேட்டது ஒரே கேள்வி: “தெருவோட கடைசி வீட்டுல யாரு இருக்கா?” எங்களுக்குத் தெரியவில்லை. “முன்னாடி நிக்கிறவன் எப்படியும் சாப்பிட்டுடுவான். கடைசி வீட்டுலேருந்து ஆரம்பிங்க” என்றார்.

அடுத்த நடையில் எங்களுக்கு வழிகாட்டியவன் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன். ஏழாவதோ எட்டாவதோ படிக்கிறான். காலையில் பேப்பர் போடுகிறவன், அதனால் எல்லா வீடும் தெரியும். முழங்கால் தண்ணீரில் எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டே சொன்னான்: “அக்கா, அந்தப் பச்சைக் கதவு வீட்டுத் தாத்தா நடக்கமாட்டாரு. தட்டினா காது கேக்காது. பின்னால ஜன்னல்கிட்ட போய்க் கூப்பிடணும்.” “இந்த வீட்டு அத்தை சர்க்கரைக்கு மாத்திரை போடுறவங்க, முதல்ல குடுத்துடுங்க.” எங்களிடம் அடையாள அட்டை இருந்தது. மாநகராட்சியிடம் வார்டு வாரியாகப் பட்டியல் இருந்திருக்கும். பச்சைக் கதவு அவனுக்குத்தான் தெரிந்திருந்தது. அன்று அந்தத் தெருவுக்கு யார் தலைவர் என்று என்னைக் கேட்டால், நான் அவனைத்தான் சொல்வேன்.

காமராசரும் மாடு மேய்த்த சிறுவனும் பேசிக்கொண்ட கதை உங்களுக்கு மனப்பாடம், அதனால் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். மேடைக்கு மேடை கேள்வி கேட்டவரைப் புகழ்கிறோம், சோறு போடுவீர்களா என்று திருப்பிக் கேட்ட அந்தச் சிறுவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

என் பாட்டி சொல்லி நான் கேட்ட கதை நல்லதங்காள். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், அண்ணி மூளி அலங்காரி பட்டினி போட்டு விரட்ட, பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தாள். பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம் அண்ணியைத் திட்டித் தீர்ப்பார். நானும் சேர்ந்து திட்டியிருக்கிறேன். அந்த மழைக்குப் பிறகு எனக்கு வேறொன்று தோன்றியது. ஏழு பிள்ளைகளோடு ஒருத்தி தெருவழியே அழுதுகொண்டு போயிருக்கிறாள். இடைப்பட்ட வீடுகளில் யாரும் திண்ணைக்கு வரவில்லையா? பாட்டியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அவ மானஸ்திடி, கேட்டிருக்கமாட்டா” என்றார். கேட்காதவரிடம் நாமாகப் போய்க் கேட்பதற்குத்தான் பழக்கம் வேண்டும். கல்யாணப் பந்தியில் வீட்டுப் பெரியவர் இலை இலையாகக் குனிந்து, “ரசம் வந்துச்சா, போதுமா” என்று விசாரித்துக்கொண்டு போவாரே, அந்தப் பழக்கம்.

என் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. வகுப்புத் தலைவர் தேர்தல், மாணவர் மன்றத் தேர்தல் எல்லாவற்றிலும் நில்லுங்கள், நானும் நிற்பேன். ஆனால் மேடையில் நன்றாகப் பேசுகிறவர்களைப் பார்த்துத் தலைமை என்று நம்பிவிடாதீர்கள். இப்போது நான் பேசிக்கொண்டிருப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

விழாத் தலைவர் ஐயா, நேரம் ஆகிவிட்டது என்று மணியடிப்பதற்குள் ஒரு வேண்டுகோளை வைத்துவிடுகிறேன். 1948-இல் வந்த நூலகச் சட்டத்தின்படி, நீங்கள் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்துதான் போகிறது. ஆக, இந்த நூலகத்துப் புத்தகங்கள் உங்கள் காசு. ஆனால் படியேறி வரமுடியாத பெரியவர்களுக்கு அவை எட்டுவதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் அக்காக்களுக்கு, எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார் என்று தெரியும். அவர்களைக் கேட்டு, வீட்டாரின் சம்மதத்தோடு, வாரம் ஒரு மணி நேரம் அந்த வீடுகளுக்குப் போய்க் கதை படித்துக்காட்டலாம் என்று நூலகர் அம்மாவிடம் பேசியிருக்கிறோம். அவர் சம்மதித்துவிட்டார். புத்தகம் இருக்கிறது, வாசிக்க ஆள்தான் வேண்டும். ஒருவர் ஊருக்குப் போனால் இன்னொருவர் போகும்படி, ஒரு வீட்டுக்கு இரண்டு பேர் வேண்டும். வாசலில் நூலகர் மேசைமேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். சாப்பிடப் போகும் முன் உங்கள் பெயரையும், நீங்கள் எந்தத் தெரு என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். உங்கள் தெருவின் கடைசி வீட்டில் யார் இருக்கிறார் என்று தெரிந்தால், அதையும் எழுதுங்கள்.