வீட்டுக்கு எதிரே உள்ள மதில்



நெகேமியா புத்தகத்தின் மூன்றாம் அதிகாரம் ஒரு நீண்ட பெயர்ப்பட்டியல். எருசலேமின் இடிந்த மதிலை யார் யார் கட்டினார்கள் என்று அது சொல்கிறது. அதிலே சல்லூமோடு அவனுடைய குமாரத்திகளும் கட்டினார்கள் என்று எழுதியிருக்கிறது. வேறு சிலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைப் பழுதுபார்த்தார்கள். எங்கே இடிந்திருக்கிறது என்பது அங்கே குடியிருப்பவருக்குத்தானே முதலில் தெரியும்!

கென்யாவின் மலைநாட்டுத் தாய்மாரும் அப்படித்தான் தங்கள் மலையைப் பழுதுபார்த்தார்கள்.

பிள்ளைகளே, வங்காரி மாத்தாய் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் 1940இல் நியேரிப் பகுதியில் இகித்தே என்ற கிராமத்தில் பிறந்தவர். வீட்டுக்கு அருகே பெரிய அத்திமரமும் ஒரு சிற்றோடையும் இருந்தன. அது கடவுளின் மரம், அதில் விறகு பொறுக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார். பின்னாளில் அந்தக் காணியை வாங்கியவர் தேயிலை நடுவதற்காக மரத்தை வெட்டினார். ஓடையும் வற்றிப்போனது.

தாதியாகிய என் மனதைத் தொட்டது இனி வருவதுதான். தேயிலையும் கோப்பியும் செழித்த அந்த மலைநாட்டில் பிள்ளைகள் ஊட்டச்சத்தில்லாமல் வாடினார்கள். ஏன்? காடு அழிந்ததால் விறகில்லை. அவரையும் சோளமும் நெடுநேரம் வேகவேண்டும். அதனால் தாய்மார் சீக்கிரம் ஆகும் மாவுணவையும் பாணையும் கொடுத்தார்கள். மெலிந்த பிள்ளைக்கு மருத்துவமனையில் சத்துணவு கொடுத்துத் தேற்றலாம். ஆனால் விறகில்லாத வீட்டுக்குத் திரும்பினால் நோயும் திரும்பிவிடும்.

இதை அந்தப் பெண்களே எடுத்துச் சொன்னார்கள். வங்காரி செவிகொடுத்தார். 1977 யூன் 5ஆம் தேதி நைரோபியில் ஏழு மரங்கள் நடப்பட்டன. கிரீன் பெல்ட் இயக்கம் அப்படித் தொடங்கியது. படித்த வன அதிகாரிகளின் முறைகள் கடினமாக இருந்தன. பெண்களோ உடைந்த சட்டிகளில், அக்கம்பக்கத்து மரங்களின் விதைகளைப் போட்டு நாற்று வளர்த்தார்கள். நட்டதற்காக அல்ல, பிழைத்த ஒவ்வொரு கன்றுக்குமே சிறுதொகை கொடுக்கப்பட்டது. ஆகவே நட்டவர்கள் கன்றைக் கைவிடவில்லை. 2004க்குள் 3 கோடி மரங்கள்!

நாம் வாழும் நோர்வேக்கும் இதில் பங்குண்டு. 1980களின் தொடக்கத்திலேயே நோர்வே வனச் சங்கம் இந்த இயக்கத்துக்குக் கைகொடுத்தது. 2004 டிசம்பர் 10ஆம் தேதி இதே ஒஸ்லோ நகர மண்டபத்தில் வங்காரி சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். ஆப்பிரிக்கப் பெண்களில் அவரே முதல்வர்.

இன்று காலநிலை மாறுகிறது. வரவேண்டிய மழை வருவதில்லை. வந்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது. மொட்டை மலையில் அது மண்ணை வாரிக்கொண்டு ஓடும். மரமுள்ள மலையில் நிலத்துக்குள் இறங்கி, கோடையில் ஊற்றாக வரும்.

ஒரு கசப்பான உண்மையும் உண்டு. கடவுள் மலையில் இல்லை, ஆலயத்தில் இருக்கிறார் என்று மிஷனரிமார் போதித்தபின், மரத்தை வெட்டும் தயக்கம் மக்களிடம் குறைந்தது என்று வங்காரி சொன்னார். அவர் கத்தோலிக்க விசுவாசி. நாம் மரத்தை வணங்குவதில்லை. ஆனால் அதைப் படைத்தவரை வணங்குகிறவர்கள், அவருடைய கைவேலையை அலட்சியம் செய்யலாமா?

நம் மலையகமும் தேயிலை மலைதான். 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் நம் மக்களின் லயன் வீடுகள் மண்ணில் புதைந்ததை மறக்க முடியாது. அத்தகைய இடங்களுக்குக் காணிக்கை அனுப்பும்போது, என்ன அனுப்பலாம் என்று இங்கிருந்து நாமே தீர்மானிக்க வேண்டாம். எந்த ஊற்று வற்றியது, எந்தச் சரிவில் வெடிப்பு விழுந்தது என்று அங்கே தண்ணீர் சுமக்கும் அம்மாமாரை முதலில் கேட்போம். அவர்கள் காட்டும் இடத்தில் நம் கல்லை வைப்போம்.

கர்த்தர் தாமே நம் சபையை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.