விறகின் பெயரும் தமிழின் வாழ்வும்
(ஊர்த் தமிழ்மன்றத்தில் ஆற்றிய உரை)



தமிழ்மன்றத்தில் விறகைப் பற்றியா பேச்சு என நீங்கள் வியக்கலாம். சென்ற ஆண்டு என் வகுப்பில் 3 விறகுத் துண்டுகளை வைத்து, இவை எம்மரத்தவை என வினவினேன். 40 பேருள் 39 பேர் ‘விறகு’ என்றே விடையிறுத்தனர். விறகு வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகள் மட்டும் எழுந்து வந்து, ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்த்து, “இது கருவேல், இது வேம்பு, இது முருங்கை, ஐயா” என்றாள். தேர்வுதோறும் பின்தங்கும் பிள்ளை அவள். ஞெகிழி என்றும் ஞெலிகோல் என்றும் பழஞ்சொற்களுக்குப் பொருள் விரிக்கும் நானோ, அத்துண்டுகளின் பெயரை விறகுக் கடையில் கேட்டறிந்தே வகுப்புக்குச் சென்றிருந்தேன்.

அவள் ஏன் தூக்கிப் பார்த்தாள்? நன்கு உலர்ந்தபின், எடைக்கு எடை எம்மரமும் ஏறத்தாழ ஒத்த வெப்பமே தரும். ஒரே அளவுத் துண்டில் எவ்வளவு மரம் செறிந்துள்ளது என்பதிலேதான் வேறுபாடு. கருவேலின் நடுவே செம்பழுப்பு நிறக் காழ் இறுகி நிற்கும். அது நின்றெரிந்து நெடுநேரம் தணலாய்க் கிடக்கும். முருங்கையோ பற்றியவுடன் எரிந்தடங்கும், தணல் தங்காது. உள்ளே காழுடையது மரம், வெளியே காழுடையது புல் என்று தொல்காப்பியர் மரபியலில் பகுத்தார். அப்பகுப்பின்படி பனையும் தென்னையும் புல்லே. காழறிவு ஏட்டில் மட்டும் இருந்ததன்று, அடுப்பங்கரையிலும் இருந்தது.

பெயர்களைப் பாருங்கள். பட்டை கறுத்து வெடித்திருப்பது கருவேல். பட்டை வெளிறியிருப்பது வெள்வேல். தலை குடைபோல் விரிந்திருப்பது குடைவேல். பெயரே அடையாளம் சொல்கிறது அன்றோ? 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க நிலப்பரப்பிலிருந்து ஒரு முள்மரம் இங்குக் கொணரப்பட்டது. நம் உழவர் எந்தக் குழுவையும் கூட்டவில்லை. எந்த அகரமுதலியையும் புரட்டவில்லை. வேலிக்கு ஆனதால் ‘வேலிக்காத்தான்’ என்றனர். அது நிலத்தைக் கவர்ந்து பரவியது உண்மை. பச்சையாகவும் எரியும் அதன் விறகு இராமநாதபுரத்தில் கரிமூட்டங்களுக்கு ஆனதும் உண்மை. வந்த மரத்துக்கே தமிழ்ப்பெயர் இட்ட மக்களின் வழியினர் நாம், சொந்த மரங்களின் பெயரை மறக்கலாமா?

உலர்ந்த விறகை அறிவதும் ஒரு கல்வியே. இரு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால், காய்ந்தவை கணீரென ஒலிக்கும். பச்சை மழுங்கிய ஓசை தரும். காய்ந்ததன் வெட்டுவாயில் நடுவிலிருந்து வெடிப்புகள் ஓடும். பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். அந்நீரை ஓட்டுவதிலேயே தீயின் ஆற்றல் கழிவதால் புகை மண்டும். அரளியை அடுப்பில் இடலாகாது. அதன் புகையே நஞ்சு. பெயரும் மரமும் அறியாதவன் கைக்கு எட்டியதையெல்லாம் எரிப்பான்.

விறகடுப்புக்கு மீளுங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்புகை நம் தாய்மாரின் கண்ணையும் நெஞ்சையும் அரித்தது. எரிவளி அடுப்பு வந்தது நன்றே. புகை போகட்டும், அதனோடு சொல்லும் போகவேண்டுமா? சுள்ளி, கொள்ளி, கங்கு, தணல், நீறு என ஒவ்வொன்றும் ஒரு நிலையைக் குறிக்கும் சொல். மேலே சாம்பல் படர்ந்து உள்ளே கனலும் கங்கைக் கண்டிராத பிள்ளைக்கு, ‘நீறு பூத்த நெருப்பு’ என்பதை எவ்வாறு விளக்குவேன்?

ஆகவே ஒரு வேண்டுகோள். தமிழ்காப்பது மேடையில் முழங்குவதோடு முடிவதன்று. ஊர்தோறும் விறகு வெட்டுவாரிடமும், ஆடு மேய்ப்பாரிடமும், முதிய தாய்மாரிடமும் சென்று, மரப்பெயர்களையும் அவற்றின் அடையாளங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் தொடங்கிவிட்டேன். என் ஏட்டின் முதற்பக்கத்தை நிரப்பியவர் அச்சிறுமியின் தந்தை. அவருக்குக் கையெழுத்திடத் தெரியாது. எழுபதுக்கு மேற்பட்ட மரங்களைப் பட்டையைத் தொட்டே பெயர் சொல்வார். அவரைக் கல்லாதவர் என்று இனி என் நா சொல்லாது.

வெல்க தமிழ்!