கறுப்பாகத் தெரிவதெல்லாம் ஒன்றா?



"ஸ்கேன் மிஷின் பண்றவன்தானே நீ, அதைப் பத்தியே பேசு" என்றார் செயலாளர் அண்ணன். கணையத்தில் வரும் நீர்க்கட்டிகளை எடுத்துக்கொள்கிறேன்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. வயிற்றின்மேல் ப்ரோபை வைத்தால், இடையில் இருக்கும் காற்று ஒலியைத் திருப்பி அனுப்பிவிடும். அதிர்வெண்ணைக் கூட்டினால் படம் நுணுக்கமாகும், ஆனால் ஆழம் போகாது. அதனால் எண்டோஸ்கோப்பின் நுனியில் ட்ரான்ஸ்டியூசரை வைத்து உள்ளேயே அனுப்பிவிட்டார்கள். இரைப்பைச் சுவரை ஒட்டினால் கணையம் பக்கத்து வீடுதான். 5 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் வரை தாராளமாக ஓட்டலாம்.

இனிமேல்தான் சிக்கல். திரவம் எதிரொலி தராது, திரையில் கறுப்பாகத்தான் தெரியும். சீரஸ் கட்டி பெரும்பாலும் சாது; தொந்தரவில்லை என்றால் விட்டுவிடலாம். கொழகொழவென்று சுரக்கும் மியூசினஸ் கட்டி புற்றாக மாறக்கூடும். இரண்டும் கறுப்பு! தப்பாகச் சொன்னால், சாதுவான கட்டிக்காக ஒருவர் கணையத்தில் பாதியை இழந்து சர்க்கரை நோயோடு வீடு திரும்பலாம்.

ஆகவே நீரை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கிறோம். சீரஸ் என்றால் தேனடை போலச் சின்னச் சின்ன அறைகள். மியூசினஸ் என்றால் பெரிய அறைகள் ஒன்றிரண்டு. அநேகமாகப் பெண்களுக்கு, கணையத்தின் வால் பக்கம் வரும். கணைய நாளத்தோடு தொடர்பிருந்தால் அது வேறு வகை. இதிலே ஒரு வேடிக்கை: தேனடை அறைகள் மிகவும் பொடியாக இருந்தால், ஒவ்வொரு சுவரும் எதிரொலித்து, முழுக்க நீர் நிறைந்த கட்டியே திடக்கட்டி மாதிரி வெள்ளையாகத் தெரியும். நோயாளி மேல் குற்றமில்லை, நம்ம ரெசல்யூஷன் அவ்வளவுதான்.

2004-இல் வெளிவந்த ஒரு அமெரிக்கக் கூட்டாய்வில், படத்தை மட்டும் வைத்து மியூசினஸைப் பிரித்தது 51 சதவீதம்தான் சரியாக இருந்தது. காசைச் சுண்டினாலும் கிட்டத்தட்ட அவ்வளவு வரும்! ஊசியால் நீரை எடுத்து, சி.இ.ஏ. அளவு மில்லிலிட்டருக்கு 192 நானோகிராமைத் தாண்டுகிறதா என்று பார்த்தபோது 79 சதவீதம்.

எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் வந்த உத்தி. சுவரில் ஒரு முடிச்சு தெரிகிறது. வளர்ச்சியா, ஒட்டிய சளியா? ரத்தத்தில் நுண்குமிழிகளைச் செலுத்தினால், ரத்த ஓட்டமுள்ள வளர்ச்சி பளிச்சென்று மின்னும். சளி அப்படியே கிடக்கும்.

ஃபைனல் இயர் தம்பிகளுக்கு ஒரு ப்ராஜெக்ட் யோசனை. பல அளவு துளையுள்ள ஸ்பாஞ்சுகளைத் தண்ணீரில் கொதிக்கவைத்துக் காற்றைப் போக்கி, ஸ்கேன் பண்ணிப் பாருங்க. எந்த அளவில் கறுப்பு போய் வெள்ளை வருகிறது என்று அளந்துவிட்டு எனக்கு எழுதுங்க.