நம்மவர் என்னும் ஜாமீன்

(நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



பொருளை ஈட்டும் வழிகளைப் பற்றி இம்மேடையில் பலர் பேசியிருக்கின்றனர். ஈட்டிய பொருளைக் காக்கும் வழியைக் குறித்து இன்று நாம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம். திருடனுக்கு அஞ்சிப் பெட்டியைப் பூட்டுகின்றோம். ஆனால், “அவர் நம்மவர்; நம்பிக் கொடுக்கலாம்” என்று ஒருவர் சொல்லிவிட்டால், அந்தப் பெட்டியை நாமே திறந்து கொடுக்கின்றோம். இவ்வழக்கம் நன்றன்று.

முற்காலத்தில் நம்மவர் என்பது வெறும் சொல்லாக இருக்கவில்லை. பணம் வாங்கியவர் அடுத்த தெருவில் வசித்தார். அவருடைய கடையும் நிலமும் நம் கண்ணுக்குத் தெரிந்தன. பேரேட்டைக் காட்டென்றால் காட்டினார். உறவின் மேல் வைத்த நம்பிக்கைக்குப் பின்னால் கணக்கு நின்றது. இன்றோ உறவு மட்டும் வந்து கதவைத் தட்டுகின்றது. கணக்கு எங்கேயோ இருக்கின்றது.

பெயரை நம்பிக் கெட்டதற்குச் சென்னைச் சரித்திரமே சாட்சி. அர்பத்நாட் கம்பெனி என்றால் அக்காலத்தில் மலைபோல் மதித்தனர். 1906-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அது முறிந்தது. லண்டனிலிருந்த கூட்டாளி நடத்திய ஊக வியாபாரம் இங்கே பணம் போட்டவர்களுக்குத் தெரியவில்லை. கம்பெனியின் தலைவரான ஸர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறை புகுந்தார். நம் தேசத்தார் அதன்பின் அழுதுகொண்டு நின்றுவிடவில்லை. வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயன்று 1907-இல் இந்தியன் பாங்கியை ஸ்தாபித்தனர்.

இக்காலத்து வஞ்சனை எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு லட்சம் ரூபாய்க்கு மாதம் 10,000 ரூபாய் தருவதாக ஒருவன் சொல்கின்றான். யாதொரு வியாபாரமும் செய்யாமலே பத்து மாதம் வரை அவன் நம் முதலிலிருந்தே எடுத்து நமக்குக் கொடுக்கலாம். “தவறாமல் வருகின்றது” என்று நாம் நம் மைத்துனரையும் சம்பந்தியையும் அழைத்து வருகின்றோம். அவர்கள் பணம் நமக்கு வட்டியாகின்றது. புதியவர் வரவு நின்ற அன்றே எல்லாம் நின்றுபோம். அப்பொழுது பணத்துடன் உறவும் போய்விடுகின்றது. இத்தகைய மோசங்களைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997-இலும், மத்திய சர்க்காரால் 2019-இலும் சட்டங்கள் செய்யப்பட்டன. ஆயினும், சட்டம் பணம் போன பின்னர் துரத்திச் செல்வது. எச்சரிக்கையோ முன்னே நிற்பது.

இனி, குடும்பத்தில் கைக்கொள்ள வேண்டிய பழக்கங்களைச் சொல்வோம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டுமன்றோ? ஆகையால் வரவு செலவுகளை நாள்தோறும் எழுதுதல் முதலாவது. நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு வாங்கிய கடன் வருஷத்தில் 36 ரூபாயை விழுங்குகின்றது. அவ்வளவு வட்டியைப் பத்திரமாகத் தரும் பாங்கி எங்குமில்லை. ஆதலின் அக்கடனைத் தீர்ப்பதே முதற் சேமிப்பாகும். ஆறு மாதச் செலவுக்கான பணத்தைப் பாங்கியில் தனியே வைத்தல் வேண்டும். ஒரு பாங்கியில் ஒருவர் இட்ட பணத்துக்கு, 2020-ஆம் வருஷம் முதல், வட்டியுட்பட 5 லட்சம் ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு உண்டு. எல்லாக் கணக்குகளையும் மனைவி அறிந்திருத்தல் அவசியம். கணவன் காலமான பின், பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கின்றதென்று தேடும் நிலை நம் சகோதரிகளுக்கு வரலாகாது.

ஆலோசனை சொல்ல வருபவரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். உமக்குக் கூலி கொடுப்பவர் யார்? எந்தப் பதிவில் உமது பெயர் உள்ளது? சொன்னதை எழுதித் தருவீரா? கம்பெனியிடம் கமிஷன் பெறுபவர் கெட்டவர் அல்லர். ஆயினும் அவர் விற்பனைக்காரர் என்பதை மறக்கலாகாது. பங்குச் சந்தைகளை மேற்பார்க்கும் செபி என்னும் வாரியம், முதலீட்டு ஆலோசகர்களுக்கு 2013-இல் விதிகள் வகுத்தது. அதில் பதிவு பெற்றவர் தம் கூலியை ஆலோசனை கேட்பவரிடமே பெறுகின்றார். அவர் பெயர் அதன் பட்டியலில் உண்டா என்று எவரும் பார்த்துக்கொள்ளலாம். சீட்டுப் பிடிப்பவரும் 1982-ஆம் வருஷத்துச் சட்டப்படி பதிவாளரிடம் அனுமதி பெற்றவராக இருத்தல் வேண்டும்.

சங்கத்துக்கும் இதில் கடமையுண்டு. நம் கூட்டங்களிலும் விவாகப் பந்தல்களிலும் பணத் திட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதைச் சங்கம் அனுமதிக்கலாகாது. கணக்குப் படித்த நம் வாலிபர்கள் மாதம் ஒரு நாள் சங்கக் கட்டடத்தில் அமர்ந்து, பெரியோர்களும் விதவைகளும் கொண்டுவரும் பத்திரங்களைக் கூலியின்றிப் படித்துப் பொருள் சொல்ல வேண்டும். இன்னதில் பணம் போடுங்கள் என்று அவர்கள் சொல்லலாகாது; எழுதியிருப்பது இன்னதென்று விளக்கினால் போதும்.

கணக்குக் கேட்பது உறவை அவமதிப்பதாகும் என்று சிலர் நினைக்கின்றனர். நாணயமுள்ளவன் கேட்குமுன்னே பேரேட்டை விரிப்பான். கேட்டவுடன் கோபிக்கிறவன் நம்மவனேயாயினும், அவனிடம் நம் பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. இவ்விரண்டு காரியங்களையும் தீர்மானமாக ஏற்று, அடுத்த மாதமே தொடங்க வேண்டுமென்று சபையோரை வணக்கத்துடன் கேட்டுக்கொள்கின்றோம்.