கறிக்குப் புறா: வாலைப் பார்க்காதீங்க, குஞ்சைப் பாருங்க

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஒரு குழுவின் சார்பில் பேசியது)



வீட்டில் கறிக்குப் புறா வளர்க்க எந்த இனம் வாங்கலாம் என்று பல குழுக்களில் கேட்கிறாங்க. நாங்கள் இதில் ஒரு தடவை ஏமாந்து தெரிந்துகொண்டவர்கள். அதனால் நாங்கள் பட்டதையே முதலில் சொல்கிறோம்.

எங்கள் குழுவில் நாலு பேர் சேர்ந்து 12,000 ரூபாய் உள்கடன் எடுத்து ஆறு ஜோடி வாங்கினோம். விற்றவர் பேச்சை நம்பி, மயில் மாதிரி வால் விரிக்கும் விசிறிவால் புறாவையும், ஆகாயத்தில் கரணம் அடிக்கும் கர்ணப் புறாவையும் எடுத்தோம். விசிறிவாலுக்கு வால் பெரிசு. இணை சேருவதற்கே அது இடைஞ்சல். பாதி முட்டை கருக் கூடலை. கர்ணப் புறா நல்லா பொரித்தது, ஆனால் குஞ்சு கைப்பிடிதான், கறி இல்லை. இன்னொரு கூண்டில் நாலு முட்டை கிடந்தது. நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஒன்றுகூட பொரிக்கலை. பிறகுதான் தெரிந்தது, ரெண்டுமே பெட்டை! ஒரு பெட்டை ரெண்டு முட்டைதான் இடும். ஒரே கூட்டில் நாலு கிடந்தால் சந்தேகப்படுங்க.

அஞ்சு மாசம் தவணை கட்ட முடியலை. எல்லாருடைய சேமிப்புப் பணம் அது. கூட்டத்தில் தலை நிமிர்ந்து உட்கார முடியாத நாட்கள் அவை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். புறா 17, 18 நாளில் பொரிக்கும். தாய், தகப்பன் ரெண்டும் தொண்டைப் பையில் சுரக்கும் பாலை ஊட்டும். கோழிக்குஞ்சு மாதிரி தானாகப் பொறுக்கித் தின்னாது. ஆகவே குஞ்சைக் கவனமாக ஊட்டி வளர்க்கும் ஜோடிதான் கறிக்கு நல்ல ஜோடி. ஏறக்குறைய நாலு வாரத்தில், இறக்கைக்கு அடியில் முடி நிறைந்ததும், பறக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். பறந்து பழகினால் எடை குறையும், கறி கெட்டியாகும்.

இனங்களை இப்படிப் பாருங்கள்.

சாதாப் புறா: விலை குறைவு. வெளியே பறந்து தானே கொஞ்சம் இரை தேடிக்கொள்ளும். நோய் தாங்கும். ஆனால் குஞ்சு கால் கிலோவை ஒட்டித்தான் வரும். வீட்டுச் சாப்பாட்டுக்குப் போதும்.

ஹோமர்: பந்தயத்துக்கு விடுகிற புறா. உடம்பு திடமானது, குஞ்சை நன்றாக ஊட்டும். முதன்முதலில் வளர்ப்பவர்களுக்கு நாங்கள் சொல்வது இதைத்தான்.

கிங்: அமெரிக்காவில் கறிக்காகவே பல இனங்களைக் கலந்து உருவாக்கியது. குஞ்சு அரை கிலோவுக்கு மேல் வரும். ஆனால் விலை கூடுதல், தீனி கூடுதல். கனத்த உடம்பு என்பதால் சில ஜோடி முட்டையை மிதித்து உடைக்கும். ஹோமரில் கை தேறிய பிறகு வாங்கலாம்.

ஹோமர் அளவுள்ள ஒரு ஜோடி நாளைக்கு 80 முதல் 100 கிராம் தானியம் தின்னும். குஞ்சு இருந்தால் இன்னும் கூடும். சின்ன இனம் கொஞ்சம் குறைவாகத் தின்னும். ஆனால் கூண்டுச் செலவும் நம்ம பாடும் ஒன்றுதான். மாசத் தீனிச் செலவையும் குஞ்சு விற்கிற விலையையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு இறங்குங்க.

வாங்கும்போது "இது நல்ல ஜாதி" என்ற பேச்சைக் கேட்காதீங்க. "இந்த ஜோடி வளர்த்த குஞ்சைக் காட்டுங்க" என்று கேளுங்க. கூண்டில் குஞ்சு இருக்கும்போது ஜோடியாகப் பார்த்து வாங்கினால் பெட்டை, சேவல் குழப்பம் வராது. நாலு வாரக் குஞ்சைத் தராசில் வைத்துப் பாருங்க. கழுத்து திருகுதல், தண்ணீராகக் கழிதல் இருந்தால் அந்தக் கூட்டத்திலிருந்தே வாங்க வேண்டாம். கோபுரத்துப் புறாவைப் பிடித்து வந்து சேர்க்கவும் வேண்டாம், நோய் வரும். புதுப் புறாவை மூணு வாரம் தனியே வைத்து, கால்நடை மருந்தகத்தில் கேட்டு மருந்து கொடுங்க. கூண்டு கூட்டும்போது மூக்கில் துணி கட்டுங்க. எச்சத் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

நாங்கள் அழகுப் புறாக்களை வந்த விலைக்கு விற்று, நாலு ஜோடி ஹோமர் வாங்கினோம். பத்து மாசக் கடனை பதினாறு மாசத்தில் அடைத்தோம். இப்போது எங்கள் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது: புறாவுக்குக் கடன் கேட்டால், இரண்டு உறுப்பினர்கள் நேரில் போய்க் குஞ்சை எடை போட்டுப் பார்த்த பிறகே பணம்.

உங்கள் புத்தகத்திலும் அந்த வரியை எழுதிக்கோங்க அக்கா. நாங்கள் கட்டிய பாடத்தை நீங்களும் காசு கொடுத்துப் படிக்க வேண்டாம்.