சிலையை உடைத்தவரைச் சிலையாக்கலாமா?

(பொதுக்கூட்டச் சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று ஒரு வைத்தியருடைய வீட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். அவ்வீடு சீன தேசத்தில் குவாங்துங் மாகாணத்தைச் சேர்ந்த சூய்ஹெங் என்னும் கிராமத்தில் இருக்கிறது. சீனக் குடியரசின் முதல் தற்காலிகத் தலைவரான டாக்டர் சன் யாட் சென் அவர்களின் வீடு அது. 1956-ம் வருஷ முதல் அவருடைய ஞாபகார்த்தப் பொருட்காட்சி சாலையாக இருந்து வருகிறது.

அவர் 1866-ல் அவ்வூரில் ஏழைக் குடியானவர் மகனாகப் பிறந்தார். ஹவாய்த் தீவில் பாடுபட்டு வந்த தமையனார் அவரை அங்கு அழைத்துப் படிக்க வைத்தார். 1883-ல் ஊர் திரும்பிய அவர், லூ ஹாவோதுங் என்ற தோழனோடு ஊர்க் கோயிலுக்குள் போய்ச் சாமி சிலையின் கையை ஒடித்து விட்டார். சாமி ஒன்றும் செய்யவில்லை. ஊரார்தான் கொதித்தெழுந்தார்கள், பையன் ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. சாமிக்கு வராத கோபம் பக்தர்களுக்கு வந்தது, தோழர்களே!

ஹாங்காங் போனவர் அங்கே கிறிஸ்துவரானார். அதை மறைப்பது நமக்கு யோக்கியமல்ல. ஆனாலும் அங்கேயே வைத்தியம் கற்று 1892-ல் தேறினார். அதே வருஷத்தில்தான் தமையனார் அனுப்பிய பணத்தில், தாமே திட்டம் போட்டு இந்த இரண்டடுக்கு வீட்டைக் கட்டினார். ஊர் வீடுகளெல்லாம் கிழக்குப் பார்த்திருக்க, இவர் வீடு மேற்குப் பார்த்தது என்று சொல்லுகிறார்கள். மனையடி சாஸ்திரக்காரனுக்குத் தட்சணை கொடுத்து வாசற்கால் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நோயாளியின் நாடியைப் பார்த்தவர் நாட்டின் நாடியையும் பார்த்தார். மன்னராட்சியே நோய் என்று கண்டார். 1895-ல் காண்டன் நகரில் செய்த முதல் முயற்சி தோற்றது. கோயிலுக்குள் கூட வந்த அதே லூ ஹாவோதுங்கின் உயிரை அரசாங்கம் வாங்கிவிட்டது. இவர் பதினாறு வருஷம் நாடு நாடாய் அலைந்தார். 1911-ல் புரட்சி வென்றது. 1912 ஜனவரி முதல் தேதி பதவியேற்றார். பதவியிலிருந்தது சுமார் மூன்றே மாதம். அதற்குள் பெண்களின் பாதத்தைக் கட்டி முடமாக்கும் வழக்கத்தைத் தடுத்தார். உத்தியோகஸ்தர்களைப் “பிரபுவே, எசமானே” என்கிற மாதிரி அழைப்பதையும் ஒழிக்க உத்தரவிட்டார். இதுவன்றோ சுயமரியாதை!

ஆனால் 1925-ல் அவர் இறந்ததும் நடந்ததென்ன? அவருடைய கட்சியார் பள்ளிக்கூடங்களிலும் கச்சேரிகளிலும் அவர் படத்தை மாட்டி, வாரந்தோறும் மூன்று முறை குனிந்து வணங்கி, அவர் மரண சாசனத்தை மந்திரம் போல் ஓதச் செய்தார்கள். நான்கிங் நகரில் 392 படிகள் ஏறிப் போகும் சமாதி கட்டி, 1929-ல் அவர் உடலை அதில் வைத்தார்கள். சிலையின் கையை ஒடித்தவரையே சாமியாக்கி விட்டார்கள்!

தலைவர்கள் வாழ்ந்த வீட்டைக் காப்பாற்றுவது தப்பா? இல்லை. அவர் என்ன படித்தார், யாரை எதிர்த்தார், எதில் தோற்றார் என்று பிள்ளைகள் கேட்டுத் தெரிந்துகொண்டால் அது பள்ளிக்கூடம். வாசலில் செருப்பைக் கழற்றி, கற்பூரம் கொளுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டால் அது இன்னொரு கோயில். நாளைக்கு நம் இயக்கத் தலைவர்களுக்கும் இந்தக் கதியை நாமே உண்டாக்கலாம், எதிரி வரவேண்டியதில்லை.

ஆகவே தோழர்களே, தலைவர் வீட்டுக்குப் போங்கள். கும்பிடுவதற்கல்ல, கேள்வி கேட்பதற்குப் போங்கள் என்று சொல்லி என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.