குடலுக்குள் ஆறும் புண்

இஸ்திரிப் பெட்டியைச் சற்று அதிக நேரம் மடித்த வேட்டியின்மேல் வைத்துவிட்டால் என்ன நேரும்? மேல் மடிப்பு மட்டுமா கருகும்? அடுத்த மடிப்பிலும் அதன் அடையாளம் பதிந்திருக்கும். நாம் வைத்த இடத்தோடு சூடு நின்றுவிடுவதில்லை. இன்று நாம் பேசவிருக்கும் மருத்துவச் சிக்கலும் இது போன்றதே.

பெருங்குடலின் உட்புறத்தில் சிலருக்குச் சிறு சதை முளைகள் தோன்றுகின்றன. இவற்றைப் பாலிப் என்பர். எல்லாம் தீயவை அல்ல; ஆயினும் சில, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக மாறக்கூடும். 1969-ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஷின்யா, வுல்ஃப் என்னும் மருத்துவர்கள், ஆசனவாய் வழியே செலுத்திய உள்நோக்கிக் குழாயின் மூலம் கம்பிக் கண்ணியை மாட்டி, மின்சூட்டினால் முளையை அறுத்தெடுத்தனர். வயிற்றைக் கிழிக்க வேண்டிய தேவை பலருக்கு நீங்கியது. பின்னர், பெரிய கட்டியையும் மின்கத்தியால் ஒரே துண்டாகப் பிரித்தெடுக்கும் முறை ஜப்பானில் வளர்ந்து, பிற நாடுகளுக்கும் பரவியது.

வெளியே தழும்பில்லை, நோயாளி விரைவில் வீடு திரும்புகிறார். ஆனால் உள்ளே ஒரு புண் இருக்கிறது. பெருங்குடலின் சுவரோ சில மில்லிமீட்டர் தடிப்பே உடையது. சூடு அதன் தசைப் படலத்தைக் கடந்து வெளியுறையைத் தொட்டால், ஓட்டை விழாமலேயே காய்ச்சலும் வயிற்று வலியும் வரும். ஓட்டை விழுந்தாலும் ஏறக்குறைய இதே குறிகள்தாம். முன்னதற்குப் பெரும்பாலும் ஓய்வும் மருந்தும் போதும். பின்னதற்கு உடனடி அறுவை தேவைப்படலாம். இரண்டையும் பிரித்தறிவதில்தான் நோயாளியின் உயிரே அடங்கியிருக்கிறது.

சூடு எத்தனை ஆழம் சென்றது, புண் எந்த நாளில் எப்படி ஆறுகிறது என்பதை அறிய, நோயாளியின் குடலை நாள்தோறும் வெட்டிப் பார்க்க இயலுமா? இயலாது. ஆகவேதான் ஆய்வாளர் விலங்குகளை நாடுகின்றனர்.

எலியின் குடல் குறுகியது. மனிதருக்கான குழாய் அதில் நுழையாது. எனவே மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறந்து, குடற்சுவரில் அளவாகச் சூடு வைத்து, ஆறும் விதத்தைக் கவனிப்பர். பன்றியின் உடல் பெரியது. மருத்துவமனைக் கருவிகளையே அதில் பயன்படுத்தலாம். முளையை அறுக்குமுன் அதன் அடியில் உப்புநீர் ஏற்றி மேலே தூக்கினால், அந்த நீர் மெத்தைபோல் நின்று சூட்டைத் தடுக்குமா? 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைப் பன்றிகளில் சோதித்து, ஆழமான சூட்டுக் காயம் குறைவதைக் காட்டியது.

ஆனால் பன்றி மனிதன் அன்று. அதன் பெருங்குடல் நத்தைபோல் சுருண்டது. ஆய்வுக்கு வரும் பன்றி பெரும்பாலும் இளமையும் நலமும் உடையது. நம் நோயாளியோ முதியவர், நீரிழிவு உடையவர், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர். பல நாள் கழித்து வரும் இரத்தக் கசிவை விலங்கில் அப்படியே காண்பது எளிதன்று. ஆகவே விலங்கு தரும் விடையைப் பாதி விடையாகவே கொள்ள வேண்டும்.

அந்தப் பாதி விடைக்கும் ஓர் உயிர் விலை கொடுக்கிறது. தனக்கு வலிக்கிறது என்று அது வாய்விட்டுச் சொல்லாது. தீவனத்தை ஒதுக்குவதும் ஒடுங்கிக் கிடப்பதுமே அதன் மொழி. 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் மூன்று நெறிகளை வகுத்தனர்: இயன்றால் விலங்குக்கு மாற்றுத் தேடு, எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைத் தணி. கைப்பயிற்சிக்கு இறைச்சிக் கூடத்துக் குடலே உதவுகிறது. ஆனால் உயிரற்ற குடலில் காய்ச்சல் வராது, புண்ணும் ஆறாது. அங்கேதான் உயிருள்ள விலங்கு தேவைப்படுகிறது. சிங்கப்பூரில் 2004-இல் வெளியான வழிகாட்டி நெறிகளின்படி, இத்தகைய ஆய்வை ஒரு குழு முன்கூட்டியே ஆராய்ந்து அனுமதிக்க வேண்டும்.

நேயர்களே, இவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற அறிவை நாம் வீணாக்கலாமா? குடல் முளை அகற்றப்பட்டு வீடு திரும்பியபின் காய்ச்சலோ, வயிற்று வலியோ, மலத்தில் இரத்தமோ கண்டால், நாளை பார்ப்போம் என்று இருந்துவிடக் கூடாது. இரத்தக் கசிவு இரண்டு வாரம் கழித்தும் வரலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முளை அகற்றப்பட்ட செய்தியை மறவாமல் மருத்துவரிடம் கூறுங்கள்.